உலக சினிமாவும் ஒரு டிவிஎஸ் எக்ஸெல்லும்

தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ படத்தில் மூன்று பேர் தண்டவாளத்தில் ஓடும் சின்ன ட்ராலி ஒன்றில் ஏறி, யாரும் போகக் கூடாத ‘ஸோன்’ என்ற பகுதிக்குள் நுழைவார்கள். கேமரா அவர்களுடைய பிடரியை, காதை, கன்னத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும். தடக், தடக் என்று சக்கரச் சத்தம். அதற்கு அப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான் தூங்கிவிடுவேன். அதுவரை பழுப்பாக இருந்த படம் ஸோனுக்குள் போனதும் வண்ணத்துக்கு மாறும் என்று படித்திருக்கிறேன். என்னுடைய ‘ஸ்டாக்கர்’ இன்றுவரை பழுப்புப் படம்தான். 1979இல் வெளிவந்த இந்தப் படத்துக்காக முதலில் எடுத்த பிலிம், லேபில் கழுவும்போது பாழாகி, பெரும்பகுதியை மறுபடியும் எடுத்தார்கள். ஒரு மனுஷன் இரண்டு தடவை எடுத்த படத்தை ஒரு தடவை முழுசாகப் பார்க்க எனக்குத் துப்பில்லை.

தூங்கியதுகூடப் பெரிய விஷயமில்லை. அதைச் சொல்லாமல், அந்தப் படத்தின் நீண்ட ஷாட்டுகளைப் பற்றி ஒரு கூட்டத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் பேசினேன். பேசி முடித்ததும் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, கடைசிக் காட்சியில் அந்தச் சிறுமி பார்வையாலேயே கண்ணாடித் தம்ளரை நகர்த்துவதை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டாள். எந்தத் தம்ளர்? யார் நகர்த்தியது? ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசிப்பது போல நின்றேன். பிறகு, “அதை அவங்கவங்க வாழ்க்கையிலேருந்துதாம்மா புரிஞ்சுக்கணும்” என்றேன். கைதட்டினார்கள். அந்தப் பெண் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது இன்றைக்கும் என் வயிற்றைப் பிசைகிறது.

இந்த ரசனை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம் தூர்தர்ஷன் என்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாநில மொழிப் படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு போடுவார்கள். மதுரையில் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் படுத்துவிட, நான் மட்டும் விழித்திருந்து வங்காளமும் மலையாளமும் பார்த்து வளர்ந்தேன் என்று பெருமையடித்துக்கொள்வது வழக்கம். வெயிலில் வெளியே போனால் அம்மா முதுகுத் தோலை உரித்துவிடுவார், டிவி முன்னால் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுவார் என்பதைச் சொல்வதில்லை. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாய’த்தை எலி பிடிக்கிற படமாகத்தான் பார்த்தேன். எலி மாட்டுமா மாட்டாதா என்ற அளவில் விறுவிறுப்பாகவே இருந்தது.

வளர்ந்து வேலைக்கு வந்த பிறகு டிசம்பர் மாதமானால் திருவனந்தபுரம். கேரள அரசின் சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே படம் பார்ப்பதைவிட வரிசையில் நிற்பதுதான் பெரிய வேலை. மலையாளிகள் கிம் கி டுக் பெயரைக் கேட்டால் போதும், ஊரே திரண்டு நிற்கும். அந்தக் கொரிய இயக்குநர் 2013இல் நேரிலேயே வந்தபோது சூப்பர் ஸ்டாருக்குக் கிடைக்கிற மரியாதை கிடைத்தது. அவர் படம் ஒன்றுக்கு நானும் முண்டியடித்து உள்ளே போனேன். தம்பானூரில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று மூன்று தியேட்டர்கள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கிம் கி டுக் படத்தில் பேச்சு குறைவு என்று கேள்விப்பட்டிருந்ததால், முதல் இருபது நிமிஷம் திரையில் யாருமே வாய் திறக்காதது எனக்கு உறுத்தவில்லை. மௌனத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருவர் வாயைத் திறந்தார். ஸ்பானிஷ்.

எழுந்து ஓடலாமென்றால் நடைபாதையெல்லாம் ஆட்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முழுப் படத்தையும் பார்த்தேன். நல்ல படம்தான். பெயர் என்னவென்று இன்றுவரை தெரியவில்லை. அலுவலகத்தில் தங்கை வீட்டு விசேஷம் என்று லீவு சொல்லியிருந்தேன். பாலக்காட்டுக்காரச் சக ஊழியர் ஒருவர் மலையாளச் செய்தியில் விழா வரிசையைக் காட்டியபோது என்னைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்ததும், “விசேஷத்துல நல்ல கூட்டம் போல” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவருடைய நைட் ஷிஃப்டுகளை நான்தான் பார்க்கிறேன்.

இலக்கியத்திலும் இதே கதைதான். புத்தகம் முதலில், படம் பிறகு என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். இதனால் இரண்டும் நடக்காமல் போனதுதான் அதிகம். ஞான ராஜசேகரன் ‘மோகமு’ள்ளைப் படமாக்கியது 1995இல். தி.ஜானகிராமனை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தேன். பாதி நாவலில் அடையாளத்துக்குச் செருகிய தியேட்டர் டிக்கெட்டில் எழுத்தெல்லாம் அழிந்து வெறும் தாளாகிவிட்டது. இந்த விஷயத்தில் எனக்கு ஒரே ஆறுதல் மகேந்திரன். உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவலை முழுக்கப் படிக்காமலே 1978இல் அந்தப் படத்தை எடுத்தவர் அவர். நாவலில் காளியின் கை புலியிடம் போகும், படத்தில் லாரிச் சக்கரத்தில் போகும். பாதி படிப்பதில் நான் மகேந்திரனுக்குச் சமமாக வந்துவிட்டேன். மீதிதான் பாக்கி. அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ மட்டும் ஒரே மூச்சில் முடித்தது. ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர் எழுதிய சினிமா நாவல். நட்சத்திரங்களின் மினுமினுப்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் பணத்துக்கும் அலைகிற ஆட்களின் பக்கம் நின்று எழுதியிருப்பார். அபாரமான புத்தகம். சின்னப் புத்தகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

‘பொன்னியின் செல்வன்’ 2022 செப்டம்பர் 30 அன்று வெளியானபோது ஐந்து பாகத்தில் நான் இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் என்னை நம்பித்தான் தியேட்டருக்கு வந்தார்கள். மாமியார் பக்கத்து இருக்கையில். “மாப்ள, இது யாரு?” என்று ஒவ்வொரு மீசைக்கும் கேட்டார். எனக்குத் தெரிந்த பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பின்னாலிருந்து மகள் குனிந்து, “பாட்டி, அது பார்த்திபேந்திரன். கந்தமாறன் வேற. அப்பா சும்மா சொல்றாரு” என்றாள். ஒலிப்புத்தகமாகப் பள்ளிக்கூட வேனிலேயே ஐந்து பாகத்தையும் கேட்டு முடித்தவள் அவள். இடைவேளையில் மாமியார் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் சில்லறை. பெரிய அவமானம் டிவிஎஸ் எக்ஸெல் காணாமல் போனது.

பர்மா பஜாரில் உலக சினிமா டிவிடி விற்ற காலம் அது. இன்றைக்குத் தமிழில் படம் எடுக்கிற பலரும் அங்கே தரையில் குந்தி அட்டைகளைப் புரட்டியவர்கள்தான். திருட்டு டிவிடியில் உலகத் தரம் கற்றோம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்போது வேறு வழி தெரியவில்லை. ஒருநாள் சாயந்திரம் மாம்பலத்தில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, ஈரான் படங்களாக அள்ளிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் வாசலில் எக்ஸெல்லைக் காணோம்.

மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் வயிறு கலங்கும். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு கிளுகிளுப்பு. ‘பைசைக்கிள் தீவ்ஸ்’! டிசிகா 1948இல் எடுத்த படம். போருக்குப் பிந்தைய ரோமில் போஸ்டர் ஒட்டுகிற வேலைக்குச் சைக்கிள் தேவைப்படும். மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதை மீட்டுக் கொடுப்பாள். முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகும். கதாநாயகனாக நடித்தவர் நிஜத்தில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இந்தப் படத்தை 1950இல் லண்டனில் பார்த்துவிட்டுத்தான் சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’ எடுத்தே தீருவது என்று முடிவு கட்டினார். நான் பார்த்துவிட்டு எக்ஸெல்லைத் தொலைத்திருந்தேன். விதி என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவே தோன்றியது.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர், “ஆர்சி புக், இன்சூரன்ஸ் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி” என்றார். அவர் முகத்தில் அதிகார அலட்சியத்தைத் தேடினேன். பாவம், தண்ணீரெல்லாம் கொடுத்து நன்றாகத்தான் நடந்துகொண்டார். அங்கிருந்து கிளம்பி, பத்து வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு புதுப்பேட்டை போனேன். படத்தில் அப்பாவும் பிள்ளையும் சந்தையில் பிரித்துப் போட்ட சைக்கிள் சட்டங்களுக்கும் மணிகளுக்கும் நடுவே தேடிக்கொண்டு போவார்களே, அந்தக் காட்சிக்குச் சென்னையில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தெரு முழுக்க வண்டிகளின் உடல் உறுப்புகள். ஒரு பக்கம் கதவுகளாக அடுக்கியிருக்கும், ஒரு பக்கம் சைலன்சர்களாகத் தொங்கும். நான் ஒவ்வொரு கடையாக நின்று டிவிஎஸ் பெட்ரோல் டேங்குகளைச் சோகமாகப் பார்த்தேன். ஒரு கடைக்காரர், “இன்ஜின் நம்பர் என்னண்ணே?” என்றார். நம்பர் எனக்குத் தெரியாது. வண்டி என்ன கலர் என்பதிலேயே எனக்கும் மகனுக்கும் அங்கே தகராறு. நீலம் என்றேன். பச்சை என்றான். பச்சைதான்.

பசிக்குது என்றான். படத்திலும் அந்தப் பையனை அப்பா ஓட்டலுக்குக் கூட்டிப்போவார். அடுத்த மேஜையில் பணக்காரப் பையன் ஒருவன் திமிராகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். நாங்கள் பிரியாணிக் கடைக்குப் போனோம். அடுத்த மேஜையில் பணக்காரப் பையன் யாராவது இருக்கிறானா என்று பார்த்தேன். லோடுமேன் ஒருவர் சிக்கன் அறுபத்தைந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் மகன் தட்டைப் பார்த்துவிட்டு, “தம்பிக்கு ஒரு பீஸ் சேர்த்து வைப்பா” என்று சர்வரிடம் சொன்னார். வர்க்க முரணுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் ஒரு தகர டோக்கன்.

“ஏங்க, துவைக்கப் போட்ட சட்டைல இருந்துச்சு. மாம்பலம் ஸ்டேஷன் ஸ்டாண்டுல வண்டியப் போட்டுட்டு, திரும்பி வரும்போது யாரோ ஃபிரெண்டோட ஆட்டோல பேசிக்கிட்டே வந்து இறங்குனீங்கள்ல?”

கியரோஸ்தமியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். அவர் படங்களில் வண்டி ஓட்டுவது எவ்வளவு முக்கியமான காரியம் என்று அந்த ஆட்டோவில் உட்கார்ந்துதான் விளக்கினேன்.

“இது எந்தப் படத்துல வரும்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு கேஸ் தீர்ந்து மத்தியானச் சமையல் நின்றாலும் சரி, கரண்ட் பில் கட்ட மறந்து ஃபியூஸைப் பிடுங்கினாலும் சரி, எங்கள் வீட்டில் அதே கேள்விதான். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கினேன். ரைட்டர் அப்போதும் தண்ணீர் கொடுத்தார்.

ஓசு விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டாலும் மகள் சொல்லிவிடுவாள்.

யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ 1953இல் வந்தது. சின்ன ஊரிலிருந்து வயதான அப்பாவும் அம்மாவும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருவார்கள். மூத்தவன் டாக்டர், மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். இருவருக்கும் நேரமில்லை. காசு போட்டு அதாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். விடுதியில் ராத்திரியெல்லாம் கூச்சல், கிழவர்களுக்குத் தூக்கம் வராது. போரில் இறந்துபோன மகனின் மனைவி மட்டும்தான் அலுவலகத்தில் லீவு போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுவாள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. இதைவிடக் குரூரமான படத்தை நான் பார்த்ததில்லை. அந்தக் கிழவராக நடித்த சிஷு ர்யூவுக்கு அப்போது 49 வயதுதான். என்னைவிட இளையவர்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேச ஒரு சின்னத் திரைப்படச் சங்கத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வாரம் பார்த்து மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். அப்பா 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரில், அந்த முதல் படத்தையே பார்த்தவர். அத்தனை பெரிய தியேட்டரில் பத்து வயதுப் பையனாகத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். நான் காதில் இயர்போனோடு, அதாமி காட்சியை நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஓசு கேமராவைத் தரையோடு தரையாக, பாயில் உட்கார்ந்திருப்பவர் கண்மட்டத்தில் வைப்பார். அதைச் செய்து காட்டினால் பேச்சு களைகட்டும் என்று, அடுக்களையில் குப்புறப் படுத்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவை போனில் படம் பிடித்தேன்.

“என்னய்யா தரையில தேடுற?”

“ஒண்ணுமில்லம்மா. அப்படியே இரு.”

“இருக்கேன். நீ எந்திரிச்சு அந்தத் தேங்காயத் துருவு.”

வீட்டில் இப்படிப் பேச்சும் டிவியுமாக இருந்தால் எனக்கு வேலை ஓடாது என்று தோன்றியது. ஒருநாள் சுற்றுலா பஸ்ஸில் இரண்டு டிக்கெட் போட்டேன். காஞ்சிபுரம், மாமல்லபுரம். அப்பா, “அதெல்லாம் பாத்ததுதானப்பா” என்றார். “காத்தாட போய்ட்டு வாங்கப்பா” என்றேன். எண்பதை எட்டியவர், மூட்டுவலிக்காரி, ஏப்ரல் மாத வெயில். ராத்திரி பத்தரைக்குத் திரும்பி வந்து இருவரும் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் என் கட்டுரையின் கடைசிப் பத்தியை முடித்தேன். பிள்ளைகளின் கொடுமை அவர்களுக்கே தெரியாததுதான் படத்தின் உச்சம் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. சத்தியமாக உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் இல்லாததால் அவர்களையும் கூட்டத்துக்கு அழைத்துப்போக வேண்டியதாயிற்று. படம் போட்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து இருவரும் முழுசாகப் பார்த்தார்கள். சப்டைட்டில் படிக்க வராத அம்மாவுக்கு அப்பா காதோரமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அதாமி வந்தது. விடுதியில் தூக்கம் வராமல் அந்தக் கிழவி புரண்டு படுத்தாள். எனக்கு அப்போதுதான், நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. விளக்கு போட்டதும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அடிக்கோடிட்ட பத்தியைத் தாண்டிக்கொண்டு லென்ஸ், வெட்டு, வெற்று அறைகள் என்று ஏதேதோ பேசி இறங்கினேன்.

திரும்பி வரும்போது காரில் அப்பாதான் முதலில் பேசினார். “நல்லாத்தானப்பா பேசுன. அந்த டாக்டர் பயலையும் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அவனுக்கும் வேலை இருந்துருக்கும்ல.”

அம்மா, மருமகளாக வருகிற அந்தப் பெண் யார், இன்னும் இருக்கிறாளா என்று கேட்டார். செட்சுகோ ஹரா, 2015இல் இறந்துபோனார் என்று சொன்னேன். இது மாதிரி விஷயமென்றால் எனக்குச் சட்டென்று வந்துவிடும்.

போன மாதம் என் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. இரண்டு டெராபைட். நாடு வாரியாக ஃபோல்டர். ஹங்கேரியில் பேலா தார் எடுத்த ‘சாட்டான்டாங்கோ’ ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ரிட்டயர் ஆன பிறகு பார்க்கலாம் என்று வைத்திருந்தது. அதன் மூலநாவலை எழுதிய லாஸ்லோ க்ராஸ்னஹோர்காய்க்கு 2025இல் நோபல் கிடைத்தபோது நண்பர்கள் எனக்குத்தான் போன் போட்டார்கள். நாவலும் படிக்கவில்லை, படமும் பார்க்கவில்லை, வாழ்த்துகளை மட்டும் அடக்கமாக வாங்கிக்கொண்டேன்.

டிஸ்க்கை ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனேன். முழுசாகப் பார்த்த படம் அதில் பாதிகூட இருக்காது. கடையிலிருந்த பையன் ஏதோ ஒயரை மாட்டி, திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“எல்லாம் வராது சார். எது முக்கியம்னு சொல்லுங்க. அதை முதல்ல எடுத்துடறேன். அப்புறம் எந்த நேரமும் டிஸ்க் படுத்துடும்.”

ஜப்பான் என்று சொல்ல வாயெடுத்தேன். ரஷ்யா என்றாவது சொல்லியிருக்கலாம். “‘ஆபீஸ்’னு ஒரு ஃபோல்டர் இருக்கும் தம்பி, அதை எடுங்க” என்று சொல்லிவிட்டேன். வீட்டில் யாரும் திறக்கக் கூடாதென்று அந்தப் பெயர். அலுவலகத்திலிருந்து நொந்துபோய் வரும் ராத்திரிகளில் சத்தத்தைக் குறைத்து வைத்து நான் நிஜமாகவே பார்க்கிற படங்கள் அதில்தான் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலேறி வந்தன. ‘தில்லுமுல்லு’. ‘மைக்கேல் மதன காம ராஜன்’. ‘காதலிக்க நேரமில்லை’.

“சார், இதெல்லாம் யூட்யூப்லயே கிடக்கே!”

“தெரியும்பா.”

“ஃபைல் ஓடுதான்னு பாத்துடலாமா?” என்று ‘காதலிக்க நேரமில்லை’யைத் திறந்து நடுவில் எங்கோ தட்டினான். 1964ஆம் வருஷத்து நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்ல ஆரம்பித்தார். கதவு கிறீச்சிடுகிற சத்தமெல்லாம் நாகேஷ் வாயாலேயே வந்தது. பாலையா ஒன்றுமே செய்யாமல் முகத்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே வந்து நின்றார். வெளியே ஒருவர் லேப்டாப் சார்ஜர் விலை கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இருங்கண்ணே” என்றான் பையன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பாலையா முடியட்டும்.”